கால் முளைக்காத பிஸ்கற்றுகள்

நவம்பர் 29ஆம் திகதி, சனிக்கிழமை. காலை 6.10க்கு எழும்பினேன். வெளியே மூன்று பாகை, மெல்லிய தூறல். 6.30க்குத் தேநீர், சீனி ஒரு கரண்டி. 7.00 மணிக்கு, ஆஹெனில் படிக்கும் மகள் அபிக்கு வழக்கமான குறுஞ்செய்தி: ‘எழும்பியாச்சோ?’ வழக்கம்போலப் பதில் இல்லை. 7.20க்குத் தும்புத்தடியும் வாளியுமாகப் படிக்கட்டுக்கு வந்தேன்.

அந்தக் கிழமை ஏழு நாளும் படி கூட்டும் முறை எங்களுடையது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே மாடி வீடுகளில் பொதுப்படியைக் கூட்டித் துடைப்பது குடியிருப்பவர்களின் கடமை. யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சிறு பலகை தொங்கும். முறை முடிந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த வீட்டாரிடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து கீழ் வீட்டு வாசலுக்குப் பதினேழு படி. பதினொன்றாவது படியில் நிற்கும்போது கீழ் வீட்டுக் கதவு திறந்தது. பிராவ் எபர்லே, அதாவது திருமதி எபர்லே, நின்றார். எழுபத்திரண்டு வயது, இடுப்பில் நீலக்கோடு போட்ட ஏப்ரன். ஆறு நாளாக என்னோடு ஒரு சொல் பேசாதவர். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. நான் கூட்டிய படிகளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“உங்கடை ஓவனிலை நூற்றைம்பது எண்டு திருப்பினால், உள்ளுக்கும் நூற்றைம்பது தானோ?”

அவர் பேசுவது இந்தப் பகுதியின் நாட்டுப்புற ஜெர்மன். என் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணப் பேச்சாகவே விழும். அதனால் விழுந்தபடியே எழுதுகிறேன்.

தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன். இருபத்தாறு வருடமாக அளவு பார்க்கும் வேலை செய்கிறவனிடம் காலையில் கேட்பதற்கு இதைவிட இனிமையான கேள்வி இருக்க முடியாது.

“இல்லை,” என்றேன். “நூற்று ஐம்பத்தெட்டு. பின்பக்க இடது மூலையிலை நூற்று அறுபத்திரண்டு.”

“ம்,” என்றார். கதவு மூடிக்கொண்டது.

அந்த ‘ம்’ என்ன விலை பெறும் என்பது விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கொப்பியின் கடைசி நிரல்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் அளவறை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், ‘ஆள் வீட்டிலையும் இப்பிடித்தானோ? மனுசி பாவம்’ என்று கடிதம் போட்டிருந்தார். என் மனைவி மலர் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறாள்.

ஓம், வீட்டிலும் இப்படித்தான். எங்கள் வீட்டில் அடுப்பு மலருடையது, ஓவன் என்னுடையது. சனிக்கிழமைகளில் கேக் அடிப்பேன், அல்லது பிஸ்கற் சுடுவேன். ஞாயிற்றுக்கிழமை அது நண்பர்கள் வீடுகளுக்குப் போகும். மிச்சம் திங்கட்கிழமை என்னோடு வேலைக்கு வரும்.

எதைச் செய்தாலும் ஒரு கொப்பியில் பதிவேன். திகதி, நிறைகள், ஓவனின் குமிழ் காட்டிய சூடு, வெப்பமானி காட்டிய சூடு, எடுத்த நேரம். கடைசி நிரல், சாப்பிட்டவர்கள் சொன்னது. அதில் பெரும்பாலும் ‘நல்லாயிருக்கு எண்டினம்’ என்றுதான் இருக்கும். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மலர் சொல்வதைத்தான் எடுப்பேன். அவள் இதுவரை மூன்று விதமாகத்தான் சொல்லியிருக்கிறாள். ‘செங்கல்.’ ‘பரவாயில்லை.’ ‘உது ஆர் செய்தது?’

முதல் பக்கமே செங்கல்தான். டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் சொன்ன பட்டர் கேக் அது. ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் மா, பத்து முட்டை. நான் எல்லாவற்றையும் இங்கத்தைய ‘ஃபுண்ட்’ கணக்கில் நிறுத்தேன். எங்களுடைய இறாத்தல் நானூற்று ஐம்பத்து நாலு கிராம். ஜெர்மன்காரரின் ஃபுண்ட் ஐந்நூறு. மாவும் சீனியும் பட்டரும் கூடிவிட்டன, முட்டை மட்டும் பத்தாகவே நின்றது. அன்றைக்குத்தான் கொப்பி வாங்கினேன்.

சாமித்தட்டில் மூன்று கிழமை

இந்த வீட்டுக்கு நாங்கள் வந்து பதினெட்டு வருடம். வந்தது ஒரு டிசம்பர் மாதம். பெட்டிகள் பிரிக்க முதலே பிராவ் எபர்லே சிவப்பு நிறத் தகரப் பேணி ஒன்றோடு மேலே வந்தார். “குட்ஸ்லே,” என்று சொல்லிக் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். கிறிஸ்மஸ் பிஸ்கற்றுக்கு இந்தப் பகுதியில் அதுதான் பெயர்.

பேணிக்குள் ஏழு வகை இருந்தது. ஆறு வகை அன்று பின்னேரமே முடிந்தது. ஏழாவது வேறு மாதிரி. வெள்ளை வெளேரென்று, கல்லைப்போலக் கடினமாக, ஒவ்வொன்றிலும் புடைத்து நிற்கும் படம். இறக்கை போலச் செட்டை வைத்த ஒரு உருவம், கையில் பூ.

மலர் அவற்றை எடுத்துக்கொண்டு போய்ச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்தாள்.

“சாமிப்படத்தை எப்பிடிக் கடிக்கிறது? அதுவும் ஆரின்ரை சாமியெண்டு தெரியாமல்.”

மூன்று கிழமை அவை அங்கேயே இருந்தன. தினமும் சாம்பிராணி காட்டினோம். அப்போது மூன்று வயதான அபி ஒன்றை மட்டும் நக்கிப் பார்த்தாள், அதற்கும் அடி விழுந்தது.

பிறகு ஒரு நாள் பிராவ் எபர்லே எதற்கோ மேலே வந்தார். நேரே சாமித்தட்டைப் பார்த்தார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். அவர் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிறகு கடித்தார். கல்லாக இருந்தது இப்போது மெதுமெதுவென்று இருந்தது.

“நல்லாய்க் காத்திருந்திருக்கிறியள்,” என்றார். “முதல் நாளே கடிச்சுப்போட்டுப் பல்லுப் போச்செண்டு என்னோடை சண்டைக்கு வாற ஆக்கள்தான் கூட.”

அந்தப் பிஸ்கற் மூன்று கிழமை இருந்தால்தான் இளகுமாம். பக்தியால் எங்களுக்குக் கிடைத்த நல்ல பெயர் அது. பேணியைத் திருப்பிக் கொடுத்தபோது மலர் அதற்குள் பயத்தம் பணியாரம் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்தச் சிவப்புப் பேணி ஒருபோதும் வெறுமையாகப் படி ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை.

“நிக்குது!”

அந்த வெள்ளைப் பிஸ்கற்றின் பெயர் ஸ்பிரிங்கர்லே. முட்டை, தூள்சீனி, மா. குழைத்துத் தட்டையாக உருட்டி, மரத்தில் செதுக்கிய அச்சால் அமத்தி, வெட்டி, அனிஸ் தூவிய பலகையில் ஒரு நாள் காயவிட வேண்டும். அனிஸ் எங்களுடைய பெருஞ்சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, வாசம் இன்னும் இனிப்பு.

அது சுடுபடும்போது நடக்கிற வேலை அழகானது. காய்ந்த மேற்பக்கம் தோல் பிடித்து இறுகியிருக்கும். பலகையோடு ஒட்டிய அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். சூடு பட்டதும் ஈரமான அடி மட்டும் பொங்கும். படம் கலையாமல், பிஸ்கற் முழுவதும் ஒரு சின்னப் பீடத்தில் எழுந்து நிற்கும். அந்தப் பீடத்தைத்தான் ‘கால்’ என்கிறார்கள். கால் வராததை இங்கே ஒருவரும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

கால் பார்ப்பது பிராவ் எபர்லேயின் கணவர் ஹெர் எபர்லேயின் வேலை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பெரிய உடம்பு. ஓவனுக்கு முன்னால் ஒரு குட்டி முக்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருப்பாராம். கால் முளைத்ததும் ஒரு சத்தம் போடுவார். “நிக்குது!” எங்கள் வீட்டுத் தரை அதிரும்.

“கீழை நிண்டிட்டுதாம்,” என்று சொல்லி மலர் கோப்பி போட அடுப்பில் தண்ணீர் வைப்பாள். அரை மணித்தியாலத்தில் தட்டோடு ஒருவர் மேலே வருவார் என்று தெரியும். நான் நாட்குறிப்பில் எழுதுவேன்: ‘கீழே அனிஸ் வாசம். நின்றுவிட்டது.’

ஹெர் எபர்லே இந்த வருடம் வசந்தத்தில் காலமானார்.

நவம்பர் 20ஆம் திகதி வரை அனிஸ் வாசம் வரவில்லை. பழைய நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பதினேழு நவம்பர்கள். ஆகப் பிந்தியது 18ஆம் திகதி. மேசையில் விரித்து மலருக்கும் காட்டினேன். அவளுக்கு நாட்குறிப்பு தேவைப்படவில்லை.

“செத்த வீடெல்லே. வருஷம் திரும்பாமல் எப்பிடிப் பலகாரம் சுடுறது?”

எங்கள் வழக்கம் அதுதான். மரணம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகைப் பலகாரம் சுடுவதில்லை. ஆனால் அந்த வீடு இனிப்பில்லாமலும் இருக்காது, அயலும் உறவும் கொண்டுபோய்க் கொடுக்கும். மலரின் தகப்பன் ஊரில் தவறிய வருடம், தீபாவளிக்கு எங்கள் மேசையில் ஆறு வீட்டு முறுக்கு இருந்தது. அதைப் பார்த்த பிராவ் எபர்லே, கடை போடப் போகிறீர்களோ என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். அந்த டிசம்பரில் எங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு பேணி வந்தது.

“இப்ப எங்கடை முறை,” என்றாள் மலர். “அவவுக்கு நாங்கள்தான் குட்ஸ்லே சுட்டுக் குடுக்கவேணும்.”

“அவைக்கும் அந்த வழக்கம் இருக்கோ?”

“செத்த வீடு எண்டால் எல்லாருக்கும் செத்த வீடுதானே.”

கொப்பியில் புதுப் பக்கம் திறந்தேன்.

படுத்த சேவல்கள்

எங்களிடம் ஒரே ஒரு அச்சு இருந்தது. சேவல். சில வருடத்துக்கு முன் பிராவ் எபர்லே தந்தது. முருகனுடையது என்று மலர் அதையும் சாமித்தட்டில்தான் வைத்திருந்தாள்.

செய்முறையில் ஒரு பொருள் புதிதாக இருந்தது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘மான்கொம்பு உப்பு’. ஒரு சிட்டிகை போட்டால் போதும், மா பொங்கும்.

“மான்கொம்போ? அப்ப அது மச்சமெல்லே?” என்றாள் மலர். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அவள் மச்சம் ஒன்றும், மீனோ இறைச்சியோ முட்டையோ, தொடமாட்டாள். முட்டையை நான்தான் உடைத்து அடித்துக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். முற்காலத்தில் மான்கொம்பிலிருந்து எடுத்தார்களாம், இப்போது வெறும் இரசாயன உப்பு. பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு நெடி எழும்பியது. மலர் ஓடிப்போய் யன்னலைத் திறந்தாள்.

“கொம்பெண்டு ஆர் சொன்னது? இது மானின்ரை மூத்திரம்!”

அன்று பின்னேரம் நாற்பது சேவல்களைப் பலகையில் வைத்துக் காயவிட்டேன். நேரம் குறித்தேன். மறுநாள் காலை கடைக்குப் போய் வந்து பார்த்தால், நாற்பது சேவலும் குப்புறக் கிடந்தன.

“திருப்பி விட்டனான்,” என்றாள் மலர். “ஒரு பக்கமே காய விட்டால் அடியிலை பூஞ்சணம் பிடிக்கும்.”

வடகமோ மோர்மிளகாயோ எதைக் காயப்போட்டாலும் நாங்கள் திருப்பித்தானே விடுவோம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் காய்வதை எந்த அளவறைக்காரன் வேண்டாம் என்பான்? இன்னும் எட்டு மணித்தியாலம் அப்படியே விட்டேன்.

சனி பின்னேரம் சுட்டோம். ஓவனுக்கு முன்னால் நானும் குந்தியிருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. சில சேவல்களின் கழுத்தில் வெடிப்பு வேறு.

“வடிவாய்த்தானே இருக்கு,” என்றாள் மலர். “சேவல் படுத்திருக்கு. அவ்வளவுதான்.”

ஆக நல்லதாக இருபத்தேழைப் பொறுக்கிச் சிவப்புப் பேணியில் அடுக்கினோம். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நான் கொண்டுபோனேன். சொல்ல வேண்டிய வசனத்தைக்கூடத் தயார்பண்ணி வைத்திருந்தேன்.

“பிராவ் எபர்லே, இந்த வருஷம் நீங்கள் சுடமாட்டியள் எண்டு தெரியும். அதாலை நாங்கள் சுட்டுக் கொண்டந்திருக்கிறம்.”

அவர் பேணியைத் திறந்தார். ஒரு சேவலை எடுத்தார். படத்தைப் பார்க்கவில்லை. திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதைத் திரும்ப வைத்து மூடினார்.

“ஆர் சொன்னது நான் சுடமாட்டன் எண்டு?”

நான் வாயைத் திறந்தேன். அடுத்த வசனம் தயாராக இருக்கவில்லை.

“நான் இன்னும் சாகேல்லை, ஹெர் குமார்.”

பேணி உள்ளே போனது. கதவு மூடியது.

மறுநாள் படி கூட்டும் பலகை எங்கள் கதவில் தொங்கியது. பதினெட்டு வருடமாக அதை அவர் மணி அடித்துத்தான் தருவார். கூடவே மழை பற்றியோ முழங்கால் பற்றியோ இரண்டு வார்த்தை இருக்கும். இந்த முறை மணி அடிக்கவில்லை.

அபியிடம் சொன்னோம். கைபேசித் திரையில் தலையில் கையை வைத்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு ஆரும் வந்து சோறு காய்ச்சிக் காட்டினால் அம்மா சும்மா இருப்பாவோ?”

“நாங்கள் நல்லதெண்டுதானே செய்தது, பிள்ளை.”

“அதுதானே பிரச்சினை. கெட்டதெண்டால் மன்னிப்புக் கேக்கலாம்.”

அந்த ஆறு நாளும் மலர் கீழ்ப்படியால் இறங்கும்போது மெதுவாகத்தான் இறங்கினாள். பதினெட்டு வருட அயல் ஒரு பேணி பிஸ்கற்றோடு போய்விடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

ஆர் திருப்பினது?

இனி அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்பலாம். 8.10க்குப் படி துடைத்து முடிந்தது. 9.05க்கு மணி அடித்தது.

பிராவ் எபர்லே வாசலில் நின்றார். கக்கத்தில் சிவப்புப் பேணி.

“கொப்பியைக் காட்டுங்கோ,” என்றார்.

சமையலறை மேசையில் விரித்து வைத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓவனின் சூட்டுக் கணக்கு இருந்த பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். குமிழ் எத்தனை, நடுத்தட்டு எத்தனை, நாலு மூலையும் எத்தனை.

“அப்ப நூற்று நாற்பத்திரண்டிலை திருப்பினால் நடுவிலை நூற்றைம்பது வரும்.”

“ஓம். இருபத்தெட்டு நிமிஷத்திலை.”

“ம்.” இந்த ‘ம்’ கொஞ்சம் நீளம். “என்ரை ஓவன் செத்துப் போச்சு.”

பழுதானது நவம்பர் 10ஆம் திகதி. திருத்துகிறவர் வருவதற்குத் தந்த ‘டெர்மீன்’, நேற்று வெள்ளி பின்னேரம் இரண்டு மணி. அதை நம்பி அவர் காலையிலேயே மாக் குழைத்து அச்சுப் போட்டுக் காயவிட்டுவிட்டார். எண்பத்து நாலு. திருத்துகிறவர் சொன்ன நேரத்துக்கு வந்தார், திறந்து பார்த்தார், உள்ளே ஒரு மின்பலகை போய்விட்டது என்றார். புதியது வர ஜனவரி ஆகுமாம்.

“ஜனவரியிலை நான் ஆருக்குக் குட்ஸ்லே சுட?”

நானும் மலரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பதினேழு வருட நாட்குறிப்பையும் ஊர் வழக்கத்தையும் வைத்து நாங்கள் கண்டுபிடித்த துக்கம், ஒரு பழுதான மின்பலகை.

“மகன் சொல்லுறான், அம்மா இந்த வருஷம் கடையிலை வாங்குங்கோ எண்டு. தேவாலயத்துப் பெண்டுகள் சொல்லுதுகள், இந்த வருஷம் நீங்கள் ஓய்வெடுங்கோ எண்டு. பிறகு நீங்கள் பேணியோடை வந்து நிக்கிறியள். எல்லாரும் எனக்கு லீவு தாறியள். லீவெடுத்துப்போட்டு நான் அந்த வீட்டுக்குள்ளை இருந்து என்ன செய்ய?”

மலரின் ஜெர்மன் மெதுவாக வரும். ஆனால் வரும்.

“பிழை எங்கடை,” என்றாள். “எங்கடை ஊரிலை ஒரு வழக்கம்…”

“தெரியும். ஆறு வீட்டு முறுக்கு. புதன்கிழமை ஞாபகம் வந்தது.”

“பிறகேன் மேலை வரேல்லை?”

“வியாழக்கிழமை வரத்தான் வெளிக்கிட்டனான். அதுக்கு முதல் உங்கடை பிஸ்கற்றை இன்னொருக்காத் திருப்பிப் பாத்தன். கோவம் திரும்ப வந்திட்டுது.”

பேணியை மேசையில் வைத்துத் திறந்தார். பதினொரு சேவல்கள் இருந்தன.

“இருபத்தேழு தந்தனீங்கள். பதினாறு திண்டிட்டன். கோப்பிக்குள்ளை தோய்ச்சால் இறங்குது.” கண்ணாடிக்கு மேலால் எங்கள் இருவரையும் பார்த்தார். “இப்ப சொல்லுங்கோ. ஆர் திருப்பினது?”

நான் மலரைப் பார்த்தேன். மலர் என்னைப் பார்த்தாள்.

“அவர்தான்,” என்றாள் மலர்.

முப்பது வருடத் திருமண வாழ்வில் எத்தனையோ பழி சுமந்திருக்கிறேன். தலையாட்டினேன்.

கட்டிலின் மறுபக்கம்

பலகைகளைப் பார்க்க மூவரும் கீழே போனோம். ஸ்பிரிங்கர்லே காய்வதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும். அவர் வீட்டில் அது படுக்கையறை. யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. பெரிய இரட்டைக் கட்டில். ஒரு பக்கத்தில் போர்வை மடித்திருந்தது. மறுபக்கத்தில் நான்கு பலகைகள், வரிசை பிசகாமல் எண்பத்து நாலு வெள்ளைச் சதுரங்கள். பூ, மணி, மான், அந்தச் செட்டை வைத்த உருவம்.

“முந்தியெல்லாம் இதுகளை வைக்க இடமில்லாமல் வீடு முழுக்கத் திரிவன்,” என்றார் பிராவ் எபர்லே. “அலுமாரிக்கு மேலை, கதிரைக்கு மேலை. மனிசன் பேசுவார்.”

மலர் குனிந்து பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கை தன்பாட்டில் ஒரு பிஸ்கற்றின் ஓரத்துக்குப் போனது.

“தொடாதேங்கோ!”

மலர் கையை இழுத்துக்கொண்டாள். பிராவ் எபர்லே என்னைப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார்.

“ஓகோ,” என்றார். “அப்ப அவரில்லை.”

பின்னேரம் மூன்று மணிக்கு மூன்றே மூன்றை மட்டும் மேலே கொண்டுவந்து பரிசோதித்தோம். குமிழ் 142. வெப்பமானி 150. ஏழாவது நிமிடத்தில் ஒன்றுக்குக் கால் வந்தது, ஒரு பக்கத்துக்கு மட்டும். மற்ற இரண்டும் குடித்தவர்களைப்போல ஒன்றையொன்று பார்த்துச் சரிந்தன.

என் ஓவனில் பிழை என்றால் எண்பத்தொன்றும் போய்விடும், ஜனவரியும் வந்துவிடும். வெப்பமானியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

பிராவ் எபர்லே சரிந்த ஒன்றை உடைத்து, நடுவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஓவனிலை பிழையில்லை. மேல்தோல் காணாது. தூறல் நாளெல்லே, இன்னும் காயவேணும். நாளைக்குக் காலமை ஏழு மணி.” கொஞ்சம் நிறுத்தினார். “என்ரை மனிசன் எண்டால் இதையும் நிக்குது எண்டுதான் கத்தியிருப்பார். அந்தாளுக்குப் பொறுமை கிடையாது.”

சிரித்தார். ஏழாவது நாள், முதல் சிரிப்பு.

போகும்போது மலர் சிவப்புப் பேணியை நீட்டினாள். பதினொரு சேவல்களுக்கு மேலே இரண்டு அடுக்குப் பயத்தம் பணியாரம். அவர் மூடியைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்தார். பழக்கதோஷத்தில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார்.

முதலாவது தட்டு

நவம்பர் 30ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவது. காலை 6.25க்கு எழும்பினேன். தேநீருக்கு முன்னால், முகம் கழுவவும் முன்னால், முதலில் செய்தது: வெப்பமானியை ஓவனின் நடுத்தட்டில் வைத்துக் குமிழை 142க்குத் திருப்பியது. 6.53க்கு உள்ளே சரியாக 150.

7.00 மணிக்கு அழைப்பு மணி. பிராவ் எபர்லே ஒரு கையில் குட்டி முக்காலியோடு நின்றார். பலகைகளை நானும் மலரும் போய்த் தூக்கி வந்தோம், பதினேழு படியும் ஒருவரும் மூச்சு விடாமல்.

முதலாவது தட்டில் இருபத்தொன்று. ஓவன் கதவை அவரே மூடினார். முக்காலியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். ஆனால் அதில் உட்காரவில்லை. மலரைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

“நானோ?” என்றாள் மலர்.

“திருப்பின ஆள் பாக்கட்டும்.”

மலர் உட்கார்ந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம், ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம். பிராவ் எபர்லே எங்களுக்கு முதுகைக் காட்டி, சாமித்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு நிமிடம். ஏழாவது நிமிடத்தில், முன்வரிசையில் இருந்த ஒரு பூவின் அடியில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு. பிறகு அதற்குப் பக்கத்தில். பிறகு வரிசை முழுவதும்.

“நிக்குது!” என்று மலர் கத்தினாள். தமிழில்தான் கத்தினாள்.

பிராவ் எபர்லேக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. திரும்பி வந்து, மலரின் தோளில் கையை ஊன்றிக் குனிந்து, இடமிருந்து வலமாக இருபத்தொன்றையும் பார்த்தார்.

“இடது மூலை ஒரு மயிரளவு உசரம்,” என்றார் என்னைப் பார்த்து. “எழுதி வையுங்கோ.”

பிறகு நடையால் போய் எங்கள் வீட்டு வாசற்கதவை அகலத் திறந்தார். அது மூடிக்கொள்ளாமல் என் சப்பாத்தில் ஒன்றை எடுத்து இடையில் செருகினார். படிக்கட்டின் குளிர் உள்ளே வந்தது. அனிஸ் வாசம் வெளியே போனது.

“குளிருமெல்லே, பிராவ் எபர்லே?” என்றேன்.

“குளிரட்டும்,” என்றார். “வாசம் கீழ் வீட்டுக்கும் போகட்டும்.”